பழைய ஏற்பாட்டில் பேர் தேடிய பதினோரு வாரம்

எரிந்த மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டிக் கொடுக்கும் கடை என்னுடையது. அங்கே எனக்கு ஒரு பழக்கம். காயில் கட்ட எந்த மோட்டார் வந்தாலும் நீள நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவேன். எத்தனை ஹெச்.பி., என்ன கேஜ் கம்பி, எத்தனை சுற்று, எந்த இடத்தில் எரிந்திருந்தது, கட்டி முடித்த பிறகு மெகர் (மின்கசிவு பார்க்கும் கருவி) என்ன காட்டியது, எல்லாம் அதில் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே மோட்டார் புகையோடு திரும்பி வந்தால், தப்பு என் மேலா, தண்ணியில்லாமல் ஓட்டியவர் மேலா என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும். பையன் பிறந்த நான்காம் நாள் அதே நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டி மேலே 'பேர்' என்று எழுதினேன். அது ஒன்பது பக்கம் ஓடிவிட்டது.

வீடு கடலூர் முதுநகரில், கடை திருப்பாதிரிப்புலியூரில். மனைவிக்குத் தாய்வீடு புதுச்சேரி நெல்லித்தோப்பு. தாய்வீட்டுப் பிரசவம் என்பதால் பையன் பிறந்தது அங்கே. ஆஸ்பத்திரிச் சீட்டில் பேர் எழுத வேண்டிய இடத்தில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்ததைப் பார்த்து மாமியாருக்குப் படபடப்பு. பதற ஒன்றுமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் சொல்லிப் பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பேர் இல்லாமலே பதியலாம். 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பேரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்கு அப்புறமும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்த பேரை மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபரிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. அதனால் நோட்டில் முதல் வரி இப்படி விழுந்தது: 'அவசரம் இல்லை. ஆனால் ஏறிவிட்டால் இறக்க முடியாது.'

ஏன் அபூர்வமான பேர்? என் வகுப்பில் மூன்று டேனியல். ஒருவன் கிரிக்கெட் டேனியல், ஒருவன் கண்ணாடி டேனியல், நான் குட்டை டேனியல். இன்றைக்கும் பழைய ஆட்கள் போனில் 'குட்டை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவி போட்ட நிபந்தனை இன்னும் தெளிவு: "பைபிள்ல இருக்கணுங்க. ஆனா கோயில் வாசல்ல நின்னு கூப்பிட்டா ஒருத்தன்தான் திரும்பணும்."

முதல் வாரம் போனில் பேர்ப் பட்டியல்களைப் பார்த்தே போனது. வீண். எல்லாப் பேருக்கும் 'வெற்றியாளன்', 'ஒளிமயமானவன்' என்று தேன் தடவிய அர்த்தம். காலேப் என்றால் விசுவாசமுள்ளவன் என்று ஒரு பட்டியல் சொன்னது. எபிரெயத்தில் அது நாய்க்கான சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாய் விசுவாசமுள்ளதுதான், சரி. ஆனாலும் சொல்லிவிட்டுச் செய்யலாம் இல்லையா? அன்றோடு பட்டியல்களை மூடிவிட்டு அப்பாவின் பழைய வேதாகமத்தை எடுத்து ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தேன். பேர் வரும் இடமெல்லாம் பென்சில் கோடு.

அங்கேதான் முதல் சிக்கல். நாங்கள் லுத்தரன், மனைவி வீட்டார் கத்தோலிக்கர். என் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. அவர்கள் வீட்டில் திருவிவிலியம். நான் ஓசியா என்றால் அங்கே ஒசேயா. என்னுடைய மல்கியா அங்கே மலாக்கி. ஆபகூக் அங்கே அபக்கூக்கு. பையனைக் கடலூரில் ஒரு பேராலும் புதுச்சேரியில் ஒரு பேராலும் கூப்பிட முடியாது. ஆகவே இரண்டு புத்தகத்திலும் ஒரே எழுத்தாக நிற்கிற பேர் மட்டும் என்று விதி வைத்தேன். பாதி பேர் அதிலேயே உதிர்ந்தது. (உதிர்ந்த ஒன்றுக்காக மட்டும் சில நாள் விதியை வளைத்தேன். அது பிறகு.)

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "எங்க காலத்துல இந்த ரோதனையே இல்ல. அருளப்பன், சின்னப்பன், ராயப்பன்னு வெச்சோம். அதுவும் பைபிள் பேருதான்" என்றார். யோசித்தால் உண்மைதான். யோவான் என்றால் கடவுள் அருளினார் என்று பொருள்; அதனால் அருளப்பர். பவுல் என்பதன் லத்தீன் மூலத்துக்குச் 'சிறியவன்' என்று பொருள், அதனால் சின்னப்பர். பழைய கத்தோலிக்கத் தமிழ் ஒலியை விட்டுவிட்டு அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று நெல்லித்தோப்பு ஞாயிறு பூசையில் 'அருளப்பா' என்று கூப்பிட்டால் எழுபது வயதுக்காரர் யாராவதுதான் திரும்பிப் பார்ப்பார். அபூர்வம் வேண்டுமென்றால் அதுவே அபூர்வம். அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நோட்டில் எழுதி வைத்தேன்.

நான் விதியை வளைத்தது பெசலெயேலுக்காக. யாத்திராகமம் 31-ல் வருகிறவர். இஸ்ரவேலர் வழிபட ஆசரிப்புக் கூடாரம் செய்யக் கடவுள் பேர் சொல்லி அழைத்த கைவினைக்காரர்: பொன், வெள்ளி, வெண்கலம், ரத்தினம் பதிப்பது, மரவேலை, எல்லாம் தெரிந்த ஆள். அவரைத் தேவ ஆவியால் நிரப்பினேன் என்று வசனம் சொல்கிறது. ஸ்பேனர் பிடித்துக் கை காய்ந்தவனுக்கு இது எப்படி இருக்கும்? பேரின் பொருளும் 'தேவனுடைய நிழலில்'. மூன்று நாள் மிதந்தேன். நான்காம் நாள் எங்கள் ஆயாவிடம் போய்ச் சொன்னேன். அப்பாவைப் பெற்றவர், முன்பல் இல்லை, காது பாதி.

"என்னது?"

"பெசலெயேல், ஆயா."

"பேசலையா? பொறந்து ரெண்டு வாரம்தான ஆவுது, அதுக்குள்ள எப்படிடா பேசும்?"

பெசலெயேல் அங்கேயே முடிந்தது. ஆனால் ஒரு பாடம் கிடைத்தது. காயில் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் மெகர் வைத்துப் பார்க்காமல் மோட்டாரை அனுப்பக் கூடாது. எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பேருக்கும் அப்படித்தான். என் வாயில் நன்றாக இருப்பது கணக்கே இல்லை. அன்றிலிருந்து சோதனைகள்.

எழுத்துச் சோதனைக்குப் பக்கத்து வீட்டு நான்காம் வகுப்புப் பையன். ஒரு சீட்டில் பேர்களைத் தமிழில் எழுதிக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன். தமிழில் ப ஒன்றுதான். பட்டுக்கும் அதே எழுத்து, பஸ்ஸுக்கும் அதே எழுத்து. தெரிந்த சொல்லானால் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். தெரியாத பேருக்கு அந்த வசதி கிடையாது. ரூத்தின் புருஷன் போவாஸ் எனக்குப் பிடித்த மனிதர், நிலத்தில் சிந்திய கதிரை ஏழைக்கு விட்டுவைத்தவர். பையன் 'போ... வாஸ்' என்று வாசித்தான், பட்டுக்கு வரும் ப-வோடு. பிள்ளையைக் கூப்பிடும்போதே 'போ' என்றால் எப்படி வருவான்? ஓபேத், காத், தெபோரா வகைப் பேர்களெல்லாம் இதில் ஆடிப்போயின.

கூவல் சோதனை சுலபம். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று தெருமுனைவரை கேட்கக் கூப்பிட வேண்டும். ஆ, ஏ, ஓ என்று நெடிலில் ஆரம்பிக்கும் பேர் காற்றில் போகும். குறிலில் ஆரம்பிப்பது துறைமுகம் போகிற ஐஸ் லாரிச் சத்தத்தில் அமுங்கிவிடும். இரண்டு நாள் கூவியதில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "தம்பி, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடுமையான சோதனை மச்சான் மகன். ஏழாம் வகுப்பு, நக்கலில் பிஎச்டி. இரண்டு பரோட்டாவும் ஆம்லெட்டும் கூலி. "ஒவ்வொரு பேரையும் ஸ்கூல்ல எப்படிக் கெடுப்பீங்கன்னு சொல்லு."

"ஓசியா? என்ன மாமா, ஓசியா வந்தவனா? தீத்து? 'தீத்துட்டான்'. ஈசாக்கு? கோணிச் சாக்கு. ஏலி? வேற சொல்லணுமா?"

"உரியா?"

"இங்கிலீஷ்ல எழுதுனா யூரியா."

கடலூர் மாவட்டத்தில் யூரியா மூட்டை தெரியாத பிள்ளை கிடையாது. ஏனோஸ் எனக்குப் பிடித்திருந்தது. ஆதாமின் பேரன், சின்னப் பேர், எழுத்தில் குழப்பமில்லை. பையன் பரோட்டாவை விழுங்கிவிட்டு, "வயிறு உப்பினா குடிப்பாங்களே, ஈனோ" என்றான். நான் பேனாவை எடுத்து அடித்தேன். பெரியவர்களுக்குத் தோன்றாத எதுவும் ஏழாம் வகுப்புக்குத் தோன்றும். பேர் வைக்கிற எல்லோரும் இப்படி ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அதே பேரில் வேதத்தில் வேறு யார் இருக்கிறார் என்று பார்ப்பது. தமஸ்குவில் பவுலின் கண்ணைத் திறந்த அனனியா நல்லவர். நிலம் விற்ற பணத்தில் பொய் சொல்லி விழுந்து செத்த அனனியாவும் அதே அப்போஸ்தலர் நடபடிகளில்தான் இருக்கிறார். பட்டியல்கள் இதைச் சொல்லாது.

ஐந்தாம் வாரம் மனாசே வந்தது. காதில் 'மனசே' என்று விழுகிறது. எந்த வாய்க்கும் கஷ்டமில்லை, ஆயாகூட ஒரே தடவையில் சொல்லிவிட்டார். யோசேப்பு தன் மூத்த பிள்ளைக்கு வைத்த பேர். என் வருத்தத்தையெல்லாம் மறக்கும்படி தேவன் பண்ணினார் என்று காரணமும் சொல்கிறார். எங்களுக்கு எட்டு வருஷம். நடுவில் இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும் என்று நெல்லித்தோப்புக்கு பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். மனைவி பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதை மறக்கணும்?"

நான் பதில் சொல்லவில்லை.

"எனக்கு மறக்க வேணாங்க. அந்த ரெண்டையும் மறந்துட்டு இவனைக் கூப்பிட என்னால முடியாது."

மனாசே என்ற ராஜா எருசலேமில் 55 வருஷம் அக்கிரமம் செய்து ஆண்டதை வைத்துச் சமாளித்து அந்தப் பேரை அடித்தேன். உண்மையான காரணம் நோட்டில் இல்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் அவளே ஒன்று சொன்னாள்: சேத். ஆபேல் இறந்த பிறகு ஏவாளுக்குப் பிறந்தவன். அவனுக்குப் பதிலாக வேறொரு புத்திரனைக் கொடுத்தார் என்று அந்தத் தாயே வைத்த பேர். அர்த்தம் சரியாகப் பொருந்தியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழ்க் காதில் அது 'சேதம்' என்று பாதியில் நிற்கும், கொஞ்சம் குறுகினால் 'செத்து'. இருவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தோம். அதோடு சரி.

ஆசாப் எனக்குத் தேடிக் கிடைத்ததல்ல. எங்கள் சபை ஐயர் (போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு மிக்ஸியைக் கொடுத்துவிட்டு வாங்க வந்தார். மேஜைமேல் நோட்டு திறந்து கிடந்தது. அடித்த பேர்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சங்கீதப் புத்தகத்துக்குள்ள நீ போகவே இல்லையே டேனியல்" என்றார். உண்மை. வேதத்தில் சங்கீதம் என்பது பாட்டுகளின் புத்தகம், அதில் பேர் எங்கே இருக்கப்போகிறது என்று தாண்டிவிட்டேன். பேர் தலைப்பில் இருக்கிறது: 'ஆசாபின் சங்கீதம்'. 50-ஆம் சங்கீதம், அப்புறம் 73 முதல் 83 வரை, மொத்தம் பன்னிரண்டு. தாவீதின் காலத்துப் பாடகர், கைத்தாளம் கொட்டியவர். 73-ஐ வாசித்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். துன்மார்க்கன் கொழுத்துத் திரிகிறான், நான் மட்டும் ஏன் இப்படி, என் கால் சறுக்கப் பார்த்தது என்று மூடி மறைக்காமல் சொல்கிறவர். எனக்கு அந்த நேர்மை பிடித்தது.

"அர்த்தம் என்னங்க ஐயா?"

"சேர்த்தெடுக்கிறவன், அள்ளிச் சேர்க்கிறவன்." கிளம்பியவர் வாசலில் நின்றார். "ராகேலுக்கு ரொம்ப நாள் பிள்ளை இல்லாம இருந்து யோசேப்பு பிறந்தப்போ என்ன சொன்னா?"

"தேவன் என் நிந்தையை நீக்கிவிட்டார்."

"அந்த 'நீக்கிவிட்டார்' எபிரெயத்துல இதே சொல்தான். ஆசாப். அள்ளி எடுத்துட்டுப் போயிட்டார்னு அர்த்தம்."

மிக்ஸிக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன். எட்டு வருஷம் கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு என்று போன இடமெல்லாம் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று அவளைக் கேட்டார்கள். என்னைக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நிந்தை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "மறக்கச் சொல்லலை, எடுத்துட்டுப் போனார்னுதான இருக்கு? அது பரவால்ல" என்றாள். அவர்கள் வீட்டுத் திருவிவிலியத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திருப்பாடல்களில் (எங்கள் சங்கீதத்துக்கு அங்கே அதுதான் பேர்) அங்கேயும் அதே எழுத்துதான்: ஆசாப்.

சோதனைகள் மறுபடி. கூவல்: 'ஆ' தெருமுனையைத் தாண்டிப் போனது. ஆயா: "ஆசாப்பா? ஆசப்பட்டுப் பெத்ததுன்னா?" அதுவும் தப்பில்லை. நான்காம் வகுப்பு: சரியாக வாசித்தான். ஏழாம் வகுப்பு ரொம்ப நேரம் யோசித்து, "சாப்பாடுன்னு கூப்பிடலாம் மாமா" என்றது. அந்த அளவுக்குப் பரவாயில்லை, பசிக்கிறவன் கூப்பிடட்டும். அதே பேரில் வேறு யார் என்று பார்த்தால் நெகேமியாவில் ராஜாவின் வனக்காவலர் ஒருவர், எருசலேமின் கோட்டை வாசலுக்கும் மதிலுக்கும் மரம் கொடுக்க வேண்டியவர். கெட்டவர் யாரும் அகப்படவில்லை.

பக்கத்து ஹார்டுவேர் கடை பாய் பரங்கிப்பேட்டைக்காரர். பேரைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினார். "ஆசிஃபா? எங்க பேராச்சே தம்பி. சுலைமான் நபிக்கு மந்திரியா இருந்தவர் ஆசிஃப் பின் பர்கியான்னு எங்க பெரியவங்க சொல்வாங்க." வீட்டுக்கு வந்து நாளாகமத்தைப் புரட்டினேன். ஆசாபின் அப்பா பேர் பெரகியா. மறுநாள் அதை அவரிடம் சொன்னேன். இருவரும் ஒரு டீ குடித்தோம்.

மிச்சமிருந்தது அப்பா. அவர் மனதில் வேறு கணக்கு: பேரனுக்குத் தாத்தா பேர். நேராகச் சொல்லமாட்டார். "நம்ம வகையறாவுல இந்தப் பேரு எவனுக்கும் இல்லையே" என்றார். தினமும் விடியற்காலை வேதம் வாசிக்கிறவர் அவர். அதனால் லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்து 61-ஆம் வசனத்தைக் காட்டினேன். சகரியாவின் பிள்ளைக்கு யோவான் என்று வைக்கப்போகும்போது சொந்தக்காரர்கள் சொன்னது அச்சில் இருக்கிறது: 'உன் உறவின் முறையாரில் இந்தப் பேருள்ளவன் ஒருவனும் இல்லையே.' அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "சகரியா பலகையில எழுதிக் காட்டினான். நீயும் எழுதிட்டியா?" பில் புத்தகத்தின் பின் அட்டையைக் காட்டினேன். "எழுத்து கோணலா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஞானஸ்நானம் மாமியார் வீட்டு முறைப்படி. சாமியார் ஏதாவது சொல்வாரோ என்று மாமியார் பயந்தார். முன்காலத்தில் புனிதர் பேர்தான் கேட்பார்களாம். இப்போதைய திருச்சபைச் சட்டத்தில், 855-ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பேராக இருக்கக் கூடாது என்றுதான் கேட்கிறது. பன்னிரண்டு திருப்பாடல் பாடியவர் பேர் அந்நியமாகுமா?

இனிஷியலில் மட்டும் மாட்டிக்கொண்டேன். என் பேரின் முதல் எழுத்து டே. தமிழில் எழுதினால் 'டே. ஆசாப்'. வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கும்போது அதட்டுவது போலவே இருக்கும். மனைவியின் சொந்தத்தில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, குடும்பப் பேர் இருக்கிறது. 1881-ல் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் குடும்பப் பேர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது; வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்போது 'லா போர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு. எங்களுக்கு அப்படிக் கதவு ஒன்றும் இல்லாததால், இனிஷியலைப் பேருக்குப் பின்னால் தள்ளி 'ஆசாப் டே.' என்று எழுதிக் கொடுக்க முடிவு செய்தேன்.

இவ்வளவு சோதித்தவன் கடைசியில் எங்கே சறுக்கினேன் தெரியுமா? ஆங்கில எழுத்தில். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் கடைசியில் பி, எச் போட்டேன், அதுதான் ஆங்கில வேதாகமத்தில் இருப்பது. இரண்டாம் பக்கத்தில் யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், கை தானாக எஃப் போட்டுவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மா இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டு, "சார், ரெண்டு பிள்ளையா?" என்று கேட்டார். புதுப் படிவம் வாங்கி, மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். திரையில் தட்டியதையும் அச்சுக்கு முன்னால் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். இது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அபூர்வப் பேரின் எழுத்து தப்பினால் அடுத்தவருக்கு அது தப்பென்றே தெரியாது, சாமுவேலைத் தப்பாக அடித்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள், ஆசாபை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

சான்றிதழ் பதினோராம் வாரம் கையில் வந்தது. மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார், "ஆ... சாப்." தலையாட்டிவிட்டுப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்தார். அப்புறம் தூளியை விலக்கி உள்ளே பார்த்து, "என்னடா அருளப்பா, முழிச்சிட்டியா?" என்றார்.